சைக்கிளில் வந்த ராஜ்யம்

சித்திரை, வைகாசி மாதங்களில் தர்மபுரிப் பக்கம் போனால் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம்.

நேற்று வரை அது வெறும் தரிசு நிலம். ஆடு மேய்ந்த இடம். இன்று அதுதான் குருசேத்திரம்!

நிலத்தின் நடுவே ஒரு ராட்சத மனிதன் மல்லாந்து கிடக்கிறான். மண்ணைக் குழைத்துச் செய்த உருவம். முறுக்கிய மீசை. உருட்டி விழித்த கண்கள். அவன்தான் துரியோதனன்.

வேடம் கட்டிய கூத்துக்காரர்கள் அவனைச் சுற்றி ஓடுகிறார்கள். பீமன் கதையை ஓங்கித் தொடையில் அடிக்கிறான். திரௌபதி விரித்த கூந்தலை அள்ளி முடிக்கிறாள். கூட்டத்தில் நிற்கும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள்.

இதற்குப் படுகளம் என்று பெயர். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது கடைசியில் வருவது இது.

கூத்து நடக்கும் நாட்களில் ஊரே வேறு உலகமாக மாறிவிடுகிறது. நட்டு வைத்த மரம் கயிலை மலையாகிறது. அர்ச்சுனன் அதில் ஏறித் தவம் செய்கிறான். பக்கத்து வீட்டு மாரியப்பன் கர்ணனாகிறான். அவன் செத்தால் நிஜமாகவே துக்கம் பொங்குகிறது.

விழா முடிந்ததும் மழை பெய்கிறது. துரியோதனன் கரைந்து மண்ணோடு மண்ணாகிறான். அடுத்த முறை மறுபடியும் புதிதாகச் செய்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. நவராத்திரி வந்தால் கொலுப் படிக்குக் கீழே பிள்ளைகள் ஒரு ஊரைக் கட்டுகிறார்கள். கண்ணாடித் துண்டு குளமாகிறது. கேழ்வரகைத் தூவி முளைக்க வைத்தால் வயல். தீப்பெட்டியை அடுக்கினால் ரயில். ஒன்பது நாளும் அந்த ஊரில் யார் பண்ணையார், யார் போலீஸ்காரர் என்று சண்டை நடக்கிறது. பத்தாம் நாள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகிறது.

பெட்டியை மூட மறுக்கும் மனிதர்களும் உண்டு!

உலகில் இல்லாத ஓர் ஊரை, ஒரு நாட்டை, ஒரு ராஜ்யத்தை மனதில் கட்டிக் கொண்டு, வாழ்நாள் முழுவதும் அதற்குச் செங்கல் அடுக்கிக் கொண்டே இருப்பவர்கள் அவர்கள். யாரும் கேட்பதில்லை. கூலி கிடையாது. ஆபீஸ் வேலை முடிந்து வந்த பிறகு, மற்றவர்கள் சீட்டாடும் நேரத்தில், அவர்கள் தங்கள் ராஜ்யத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அப்படி ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர் பெயர் நேக் சந்த். தம் ராஜ்யத்தை அவர் சைக்கிளில் சுமந்து வந்து கட்டினார்.

சொந்த ஊர் போயிற்று

நேக் சந்த் 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி பிறந்தார். ஊர் பெரியான் கலான். பஞ்சாபில் ஒரு சின்ன கிராமம்.

விவசாயக் குடும்பம். வயல், வாய்க்கால், மாடு கன்று. இரவில் அம்மா கதை சொல்வார். ராஜா ராணிக் கதைகள், தேவலோகக் கதைகள். பையன் அவற்றைக் கேட்டுவிட்டுப் பகலில் மண்ணிலும் கல்லிலும் கோட்டை கட்டி விளையாடுவான். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் செய்வதுதானே!

1947 வந்தது. நாடு இரண்டானது. பெரியான் கலான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக் கொண்டு இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தது. வீடு, நிலம், விளையாடிய இடம் எல்லாம் போயின.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும் தர்மபுரிக்காரர், பொங்கலுக்குப் பஸ் ஏறித் திரும்பி வரலாம். நேக் சந்துக்கு அந்தப் பஸ் கிடையாது.

பஞ்சாபின் பழைய தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. ஆகவே சர்க்கார் ஒரு புதிய தலைநகரைக் கட்டியது. அதுதான் சண்டிகர். லெ கொர்புசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் வந்து திட்டம் போட்டார். கோடு கிழித்தாற் போன்ற சாலைகள். வட்டாரங்களுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். எங்கு பார்த்தாலும் கான்கிரீட்.

அந்த நகரத்தில் நேக் சந்துக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். பெரிய பதவி அல்ல. சாலை போடும் ஆட்களை மேற்பார்க்க வேண்டும். தார், சிமெண்டு, ஜல்லி முதலிய சாமான்கள் கிடக்கும் கிடங்கைப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

புதிய நகரம் எழ வேண்டுமானால் பழைய கிராமங்கள் போக வேண்டும் அல்லவா? பல கிராமங்களை இடித்தார்கள். இடித்த இடத்தில் உடைந்த பானை, உடைந்த ஓடு, கதவுப் பிடி, வளையல் துண்டு, அடுப்புக் கல் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன.

மற்றவர்கள் அதைக் குப்பை என்றார்கள். சொந்தக் கிராமத்தை இழந்து வந்த ரோடு இன்ஸ்பெக்டருக்கு அது குப்பையாகத் தெரியவில்லை.

காட்டுக்குள் ஒரு குடிசை

1958 வாக்கில் அவர் ஆரம்பித்தார்.

மாலையில் வேலை முடியும். நேக் சந்த் சைக்கிளை எடுப்பார். ஆற்றுப் படுகைக்குப் போவார். ஒகேனக்கல்லில் காவிரி பாறையைக் குடைந்து விதவிதமாக உருவாக்கி வைத்திருக்கிறதே, அதுபோல இமயமலை அடிவாரத்து ஓடைகளும் கற்களை உருட்டி உருட்டி விசித்திரமான வடிவங்கள் கொடுத்திருந்தன. ஒரு கல் உட்கார்ந்த கிழவி போல இருக்கும். ஒன்று மயில் போல. இன்னொன்று முக்காடு போட்ட பெண் போல. அவர் கண்ணுக்கு அவை வெறும் கற்கள் அல்ல. அந்த ராஜ்யத்து ஜனங்கள்!

கல்லைச் சைக்கிளில் கட்டுவார். சுக்னா ஏரிக்கு அருகே ஒரு காட்டு ஓடைப் பள்ளம். புதர் மண்டிய இடம். அங்கே கொண்டு போய் இறக்குவார். ஒரு குடிசையும் போட்டுக் கொண்டார்.

ஒரு நாளைக்கு ஒரு நடை என்று வைத்துக் கொண்டாலும் 15 ஆண்டில் 5,000 நடைக்கு மேல் ஆகிறது! சைக்கிளில் அரிசி மூட்டை ஏற்றிப் பழகியவர்களுக்குத் தெரியும், கல் மூட்டை என்ன கனம் கனக்கும் என்று.

முதல் 7 ஆண்டுகள் போலச் சேர்ப்பதிலேயே போயின. பொறுமையைப் பாருங்கள்! நம்மில் ஒருவராக இருந்தால் முதல் மாதத்திலேயே ஒரு சிலையைச் செய்து நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்போம்.

1965 வாக்கில்தான் கட்டத் தொடங்கினார். கலைப் பள்ளிக்குப் போய்ப் படித்தவர் அல்ல. ஆனால் சிமெண்டு குழைக்கத் தெரியும். சாலை வேலை கற்றுக் கொடுத்த வித்தை அது.

பழைய சைக்கிளின் சட்டம் ஒரு மிருகத்தின் உடம்பாகும். முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை காலாகும். உட்காரும் சீட்டு தலையாகும். அதன்மேல் சிமெண்டைப் பூசுவார். ஈரம் காயும் முன் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் பதிப்பார். பச்சை வளையல், சிவப்பு வளையல், நீல வளையல். அவைதான் உடுப்பு. மின்சாரக் கம்பத்தில் கழற்றிப் போட்ட பீங்கான், உடைந்த குளியலறைத் தொட்டி, எரிந்து உருகிக் கருகிய செங்கல், கொல்லன் உலையில் மிஞ்சிய கட்டி, முடிதிருத்தும் கடையில் பெருக்கித் தள்ளிய மயிர் எதையும் அவர் விடவில்லை. தார் காலியான பீப்பாய்கள்கூடச் சுவரானதுண்டு.

இரவில் வெளிச்சம் வேண்டுமே? பழைய டயரைக் கொளுத்தி வைத்துக் கொண்டு வேலை செய்தார்.

அந்த ராஜ்யத்துக்குப் பெயர் உண்டு. சுக்ராணி. தேவர்களும் ராஜாக்களும் வாழும் தெய்வீக ராஜ்யம் என்று அவர் மனதில் கண்டது. அதற்கு அரண்மனை முற்றம், ராணிகள் குளிக்கும் இடம், சேவகர்கள், இசைக்காரர்கள், தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள், குரங்குக் கூட்டம், வாத்துக் கூட்டம் எல்லாம் உண்டு. ஒரு முற்றத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வாசல்களைக் குட்டையாக வைத்தார். தேவர்களின் இடத்துக்குள் நிமிர்ந்து கொண்டா போவது? யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

சட்டப்படி குற்றம்!

இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது.

அந்த நிலம் அவருடையது அல்ல. சர்க்கார் நிலம். அதுவும் காட்டைக் காப்பதற்காக ஒதுக்கி வைத்த நிலம். அங்கே யாரும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. வைத்தவரோ ஒரு சர்க்கார் ஊழியர்!

தெரிந்தால் வேலை போகும். கட்டியதை இடிப்பார்கள். வழக்கும் வரலாம். அவரை நம்பி மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஆகவே ரகசியம் காத்தார். நெருங்கிய ஒரு சிலருக்குத்தான் தெரியும். நகரத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த எம்.என். சர்மா ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர் காட்டிக் கொடுக்கவில்லை. சத்தம் போடாமல் தொடரச் சொன்னார்.

1970-களில் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. காட்டைச் சுத்தம் செய்யப் போனவர்கள் புதரை விலக்கினார்கள். உள்ளே ஏறத்தாழ 2,000 உருவங்கள் வரிசை வரிசையாக நின்று அவர்களைப் பார்த்துக் கொண்டிருந்தன! சுமார் 12 ஏக்கர் பரப்பில் ஒரு முழு ராஜ்யம்.

என்ன செய்வது?

அதிகாரிகள் திண்டாடியதில் ஆச்சரியம் இல்லை. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்வது தவறு. காட்டு நிலத்தில் ஒருவர் கட்டினால் நாளை ஒன்பது பேர் கட்டுவார்கள். சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. இடித்துவிட வேண்டும் என்று சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

ஆனால் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். தங்கள் வீட்டில் உடைந்து தூக்கிப் போட்ட தட்டு, அங்கே ஒரு ராணியின் பாவாடையில் மின்னிக் கொண்டிருந்தது! பிறகு இடிப்பது எப்படி?

1976-ஆம் ஆண்டு அந்த இடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 'ராக் கார்டன்', அதாவது பாறைத் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். நேக் சந்துக்குத் தண்டனை கிடைக்கவில்லை. சம்பளம் கொடுத்து, 50 வேலையாட்களையும் கொடுத்து, இதையே முழு நேரமும் செய் என்று சொல்லிவிட்டார்கள்!

1983-ல் அவர் தோட்டத்துக்குத் தபால் தலை. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம். அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில் குழந்தைகள் காட்சிசாலைக்கு அவர் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார். இவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டயர் வெளிச்சத்தில் கழிந்த அந்த இரவுகளை அப்படிச் சொல்லிவிட முடியவில்லை.

ஒன்று தோன்றுகிறது. 'நான் கலைஞன், உலகம் பார்த்து மெச்சப் போகிறது' என்று நினைத்துத் தொடங்கியிருந்தால் மூன்றாம் வருஷமே அவர் களைத்துப் போயிருப்பார். தாம் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றே கட்டினார். அதனால்தான் அத்தனை காலம் தாங்கிற்று.

பாட்டி பார்த்த நல்ல நாள்

எல்லோரும் கல்லாலும் சிமெண்டாலும் கட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நம் ஆர்.கே. நாராயண் அப்படித்தான் செய்தார். 1906-ல் சென்னையில் பிறந்த தமிழர். இங்கிலீஷில் எழுதியவர். 1930-ல் பெங்களூரில் பாட்டி வீட்டில் இருந்தபோது நாவல் எழுத ஆசை. பாட்டி பஞ்சாங்கப்படி நல்ல நாள் பார்த்துக் கொடுத்தார். அந்த நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி உட்கார்ந்தார். மனதில் ஒரு சின்ன ரயில் நிலையம் தோன்றியது. அதன் பெயர் மால்குடி!

அப்படி ஓர் ஊர் எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் அங்கே சரயு என்ற ஆறு ஓடுகிறது. மெம்பி மலைக்காடு இருக்கிறது. கபீர் தெரு, மார்க்கெட் ரோடு, லாலி குடியிருப்பு எல்லாம் உண்டு. 1935-ல் முதல் நாவல் வெளிவந்தது. அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த ஊரை விட்டு நகரவில்லை. ஒரு கதையில் தெருமுனையில் இருந்த சிலை இன்னொரு கதையிலும் வந்தது. கடைசியில் ஓர் அமெரிக்க அறிஞர் எல்லாக் கதைகளையும் படித்து மால்குடிக்கு வரைபடமே போட்டுவிட்டார்!

பொய் ஊராக இருந்தாலும் அதற்குள் பொய் சொல்லக் கூடாது. ஆறு வடக்கே ஓடுகிறது என்று ஒருமுறை எழுதிவிட்டால் கடைசி வரை வடக்கேதான் ஓட வேண்டும். கொலுவுக்குக் கீழே ஊர் கட்டும் பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். "நேத்து இது ஆஸ்பத்திரின்னு சொன்னியே, இன்னிக்கு எப்படி ஸ்கூல் ஆச்சு?" என்று தங்கை கேட்டுவிடுவாள்.

இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் இருந்தார். பெயர் பிராண்டி. 1826-ஆம் ஆண்டு மகனுக்கு 12 மரச் சிப்பாய்ப் பொம்மைகள் வாங்கி வந்தார். தாயில்லாப் பிள்ளைகள் நாலு பேர், அந்தச் சிப்பாய்களுக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு நகரம் வந்தது, நாடு வந்தது, யுத்தம் வந்தது, பத்திரிகையும் வந்தது. தீப்பெட்டி போன்ற குட்டிப் புத்தகங்களில் எறும்பு எறும்பாக எழுதினார்கள். பெரியவர்கள் படிக்க முடியாது.

சின்னப் பெண்கள் இருவர், எமிலியும் ஆனும், 'கோண்டல்' என்ற தனித் தீவை வைத்துக் கொண்டார்கள். 1845-ல் இருவரும் ரயிலேறி யார்க் நகரத்துக்குப் போனார்கள். எமிலிக்கு வயது 27 நெருங்கிக் கொண்டிருந்தது. வழியெல்லாம் கோண்டல் நாட்டு இளவரசர்களாகவும் இளவரசிகளாகவும் நடித்துக் கொண்டே போனார்களாம்! இரண்டு ஆண்டு கழித்து வெளிவந்த அந்த எமிலியின் நாவல்தான் உலகம் இன்றும் படிக்கும் 'வுதரிங் ஹைட்ஸ்'. அக்காள் சார்லட் எழுதியது 'ஜேன் அயர்'.

கற்பனை ஊர் கட்டுவது சோம்பேறிகள் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கதை துக்கமானது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஹென்றி டார்ஜர் என்று ஒருவர். 1892-ல் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. தனி ஆள். ஒரே ஒரு வாடகை அறை. அக்கம் பக்கத்தில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். வயதாகி, 1972-ல் அந்த அறையைக் காலி செய்து முதியோர் இல்லத்துக்குப் போனார். வீட்டுக்காரர் குப்பையை அள்ளலாம் என்று அறைக்குள் போனார்.

உள்ளே 15,000 பக்கங்களுக்கு மேல் டைப் அடித்த ஒரு கதை இருந்தது! கூடவே நூற்றுக்கணக்கான வண்ணப் படங்கள். அடிமைப்பட்ட குழந்தைகளை விடுவிக்க ஏழு சிறுமிகள் நடத்தும் மாபெரும் யுத்தம். வேறொரு கிரகத்தில் நடப்பது. பல பத்தாண்டுகளாக அந்த மனிதர் வேலைக்குப் போய் வந்து, கதவைச் சாத்திக் கொண்டு, அந்த யுத்தத்தை நடத்திக் கொண்டிருந்தார். 1973-ல் இறந்தார். இன்று அவர் படங்கள் பெரிய காட்சிசாலைகளில் தொங்குகின்றன. உயிரோடு இருந்த வரையில் அவர் அறைக் கதவைத் தட்டி, 'என்ன எழுதுகிறீர்கள்?' என்று ஆசையாகக் கேட்க ஒருவரும் வரவில்லை.

அந்த வீட்டுக்காரர் ஓவியம் தெரிந்தவர். அதனால் தப்பிற்று. நம் வீடுகளில் எத்தனை நோட்டுகள் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிப் போயினவோ! பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போடும் முன், பின்பக்கங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஒரு தீவின் படம் இருக்கலாம். அதன் ராஜா பெயர்கூட எழுதியிருக்கலாம்.

புல்டோசர் வந்தது

பாறைத் தோட்டத்துக்கு வருவோம். பட்டம் கிடைத்ததோடு நேக் சந்தின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை.

1990-ஆம் ஆண்டு தோட்டத்தின் வழியாகச் சாலை போட வேண்டும் என்று புல்டோசரைக் கொண்டு வந்தார்கள். சண்டிகர் ஜனங்கள் ஓடி வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைகோத்து நின்றுவிட்டார்கள். புல்டோசர் திரும்பிப் போனது.

ஒரு காலத்தில் ஒரு சிலரைத் தவிர யாருக்கும் தெரியாத ராஜ்யம். இப்போது அதற்குக் காவல் நிற்க ஒரு ஊரே வந்தது!

1996-ல் அவர் வெளிநாட்டுக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தார். அந்தச் சமயத்தில் தோட்டத்துக்குக் கொடுத்து வந்த உதவி நின்றது. விஷமிகள் புகுந்து பல உருவங்களை உடைத்துவிட்டார்கள். 72 வயதை நெருங்கிய மனிதர் திரும்பி வந்து பார்த்தார். சங்கம் ஒன்று பொறுப்பை எடுத்துக் கொண்டது. உடைந்ததை மறுபடி ஒட்டும் வேலை நடந்தது. உடைந்த பொருள்களால் ஆன ராஜ்யத்துக்கு உடைவது புதிதா என்ன?

முதலில் கண்டுபிடித்த 12 ஏக்கரோடு அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது கட்டத்தில் அருவிகள் வந்தன. மூன்றாவது கட்டத்தில் உயரமான வளைவுகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஊஞ்சல் தொங்கவிட்டார். பெரியவர்களும் ஆடலாம். பாட்டிகள் ஆடுவதை அங்கே சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். தையல் கடைக் கந்தல் துணியால் ஆள் உயரப் பொம்மைகளும் செய்தார். கிராமத்துச் சந்தையில் கூடிய கூட்டம் போல அவை நிற்கும். பெரியான் கலானில் அவர் பார்த்த முகங்களோ என்னவோ!

2015-ஆம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி நேக் சந்த் காலமானார். வயது 90.

2025-ன் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு சோதனை. பக்கத்தில் இருக்கும் ஹைகோர்ட்டுக்குச் சாலையை அகலப்படுத்தவும் கார் நிறுத்தவும் இடம் தேவைப்பட்டது. தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊர் ஜனங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆனால் இந்த முறை இயந்திரம் திரும்பிப் போகவில்லை.

சுவருக்கு உள்ளே, குட்டை வாசல்களுக்கு அப்பால், சுக்ராணி ஜனங்கள் நிற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து நுழைகிறார்கள். குடம் சுமக்கும் ஒரு பெண்ணின் கை நிறைய வளையல். எல்லாம் உடைந்த வளையல். எந்தக் கிராமத்தில், எந்தக் கையில் இருந்ததோ.